சின்ன டிராக்டரை ஏற்றிச் செல்ல மூடிய டிரெய்லர்: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூடிய டிரெய்லர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். டிராக்டர் 12 அடி, பெட்டி 16 அடி, போதும் என்று முடிவாகிவிடுகிறது. பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் ரோல் பார் (டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கம்பி வளைவு) வாசல் மேல்சட்டத்தில் இடிக்கும். அதை மடக்கி உள்ளே ஓட்டினால், இருக்கையிலிருந்து இறங்கப் பக்கத்தில் இடம் இருக்காது. அதையும் சமாளித்துக் கிளம்பினால், பெட்டியின் சொந்த எடையோடு டிராக்டரும் சேர்ந்து அச்சின் வரம்பைத் தாண்டியிருக்கும். நீளத்தில் தவறு நடப்பது அபூர்வம். வாசல் உயரம், பக்க இடைவெளி, தாங்கும் எடை இந்த மூன்றில்தான் பணம் வீணாகிறது.

மூடிய பெட்டி தேவையா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். வருடத்தில் நான்கைந்து முறை பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகத்தான் என்றால் திறந்த டிரெய்லர்தான் நல்லது. விலை குறைவு, சொந்த எடை குறைவு, காற்று எதிர்ப்பும் குறைவு. டிராக்டரை எந்தப் பக்கமிருந்தும் கட்டலாம், கட்டு தளர்ந்திருக்கிறதா என்று வழியில் இறங்கி ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். மழை, திருட்டு, இரவு நிறுத்துமிடம் ஆகியவை கவலையாக இருந்தாலோ, டிரெய்லரே டிராக்டருக்குக் கொட்டகையாகவும் இருக்க வேண்டுமென்றாலோ மூடிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் உண்டு.

முதலில் டிராக்டரை அளங்கள்

விளம்பரத் தாளில் உள்ள அளவுகளை நம்ப வேண்டாம். அவை வெறும் டிராக்டரின் அளவுகள். லோடர் (முன்னால் மாட்டும் அள்ளும் கை), அதன் பக்கெட், பின்னால் மாட்டிய ரோட்டவேட்டர் அல்லது புல்வெட்டி, அகல டயர் எல்லாம் மாட்டி, எந்தக் கோலத்தில் ஏற்றப் போகிறீர்களோ அந்தக் கோலத்தில் சமதரையில் நிறுத்தி அளங்கள்.

நீளம்: பக்கெட்டின் நுனியிலிருந்து பின்கருவியின் கடைசி வரை. சின்ன டிராக்டர் தனியாக 8 முதல் 9 அடி இருக்கும். லோடரும் பின்கருவியும் சேர்ந்தால் 13, 14 அடி சாதாரணம்.

அகலம்: பின்டயர்களின் வெளிவிளிம்புக்கு ஒன்று, பக்கெட்டுக்கு ஒன்று, பின்கருவிக்கு ஒன்று என மூன்று அளவு. பெரும்பாலும் பக்கெட்டோ ரோட்டவேட்டரோதான் டயரைவிட அகலமாக இருக்கும்.

உயரம்: ரோல் பார் நிமிர்ந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும். மடக்கிய பிறகு கம்பி பின்பக்கம் எவ்வளவு நீட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது நீளக் கணக்கில் சேரும்.

எடைக்கு எடை மேடைக்கே போய்விடுங்கள். கையேட்டில் 800 கிலோ என்று போட்டிருக்கும் டிராக்டர் உண்மையில் எவ்வளவு என்று ஒரு கணக்கு: டிராக்டர் 800, லோடரும் பக்கெட்டும் 300, ரோட்டவேட்டர் 220, பின்டயர்களில் நிரப்பிய தண்ணீர் 180, டீசல், கருவிப்பெட்டி, செயின் 50. மொத்தம் 1,550 கிலோ. கையேட்டு எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயர் தண்ணீர்தான் அடிக்கடி மறந்துபோகும் சுமை.

வாசல் உயரமும் ஓட்டுபவர் தலையும்

விற்பவர் சொல்லும் உயரம் பெட்டிக்குள் இருக்கும் உயரம். ராம்ப் கதவு (கீழே சாய்ந்து ஏறுபலகையாகும் பின்கதவு) வாசலின் உயரம் அதைவிட வழக்கமாக 3, 4 அங்குலம் குறைவு. கதவுக்கு மேலே ஒரு குறுக்குச்சட்டம் ஓடுவதுதான் காரணம். 7 அடி உள்ளுயரப் பெட்டி என்றால் வாசலில் கிடைப்பது சுமார் 205 செ.மீ. நிமிர்ந்த ரோல் பார் பல சின்ன டிராக்டர்களில் 220 செ.மீ.க்கு மேல் போகும். ஆகவே ரோல் பாரை மடக்க வேண்டும், அல்லது உயரம் கூட்டிய பெட்டி செய்யச் சொல்ல வேண்டும். கூடுதல் உயரம் தொழிற்சாலையிலேயே செய்து தருவதுதான். வாங்கிய பிறகு கூட்ட வழியில்லை.

ரோல் பாரை மடக்கியதோடு வேலை முடியவில்லை. இருக்கை தரையிலிருந்து 95 செ.மீ., உட்கார்ந்திருப்பவரின் இருக்கைக்கு மேலான உயரம் 90 செ.மீ. என்று வையுங்கள். தலை 185 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆறரை அடி உள்ளுயரப் பெட்டியின் வாசல் சுமார் 190 செ.மீ. மிஞ்சுவது 5 செ.மீ. இடைவெளி. டிராக்டர் ராம்பின் விளிம்பில் ஏறும்போது ஒரு குலுக்கு குலுக்கும். குனிந்துகொண்டு ஓட்டலாம் என்பவர்களுக்குக் கால் பிரேக்கில் சரியாகப் பதியாது. தலைக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. கிடைக்காத வாசல் வழியாக உட்கார்ந்து ஓட்டாதீர்கள். அப்படிப்பட்ட பெட்டிதான் கிடைக்கிறது என்றால் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுங்கள்.

இதோடு ஒட்டிய ஒரு விதி: ரோல் பார் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம், மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது. மடக்கிய நிலையில் டிராக்டர் கவிழ்ந்தால் கம்பி காக்காது, பெல்ட் உங்களை அதனடியிலேயே பிடித்து வைத்திருக்கும். உள்ளே ஏற்றி இறக்கியதும் ரோல் பாரை மறுபடி நிமிர்த்தி ஊசியைப் பூட்டுங்கள்.

அகலம்: டிராக்டர் நுழைந்தால் போதாது

நுழைந்த பிறகு நீங்கள் இறங்க வேண்டும், குனிந்து நான்கு மூலையிலும் கட்ட வேண்டும். பக்கத்துக்கு 45 செ.மீ. இருந்தால் வேலை சுலபம். 30 செ.மீ.க்குக் கீழே போனால் டயர் மேல் ஏறித் தாண்ட வேண்டியதுதான்.

7 அடி அகலப் பெட்டியில் சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கும். உள்ளே சுமார் 200 செ.மீ. தட்டையாகக் கிடைக்கும். 120 செ.மீ. அகல டிராக்டருக்குப் பக்கத்துக்கு 40 செ.மீ. என்பது பரவாயில்லை. 150 செ.மீ. டிராக்டருக்கு 25 செ.மீ.தான், அதற்கு எட்டரை அடி பெட்டி வேண்டும். ஆனால் எட்டரை அடிப் பெட்டியில் சக்கரங்கள் உள்ளே வருவதால் இரு பக்கமும் சக்கரப் பெட்டி எழும்பி நிற்கும். அவற்றுக்கிடையே கிடைப்பது சுமார் 205 செ.மீ.தான். பக்கெட்டைத் தரையில் இறக்கும் இடம் சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே வருகிறதா என்று பாருங்கள்.

பக்கக் கதவு இருக்கும் இடமும் முக்கியம். டிராக்டர் நிற்கும்போது அது டயராலோ லோடராலோ அடைபடக் கூடாது. உள்ளே தீப்பிடித்தால் வெளியேற அதுதான் வழி.

எடைக் கணக்கு

டிரெய்லரின் தகட்டில் இருக்கும் மொத்த எடை வரம்பில் பெட்டியின் சொந்த எடையும் அடக்கம். விற்பவர்கள் பேச்சில் இது மறைந்துபோகிறது. 3,175 கிலோ வரம்புள்ள 16 அடி இரட்டை அச்சுப் பெட்டி காலியாக 1,250 கிலோ இருக்குமானால், ஏற்றக்கூடியது 1,925 கிலோ. மேலே சொன்ன 1,550 கிலோ டிராக்டர் ஏறிய பிறகு 375 கிலோ மிச்சம். அது நல்ல மிச்சம். வரம்பில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக விடுங்கள். ஒற்றை அச்சுப் பெட்டியில் இந்த டிராக்டரை நினைக்கவே வேண்டாம். 1,588 கிலோ தாங்கும் ஒரே அச்சில் பெட்டி 650 கிலோவை எடுத்துக்கொண்டால் டிராக்டருக்கு ஆயிரம்கூட மிஞ்சாது.

அடுத்தது மூக்கு எடை, அதாவது இழுக்கும் வண்டியின் பந்துக் கொக்கிமேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை. இழுவை வண்டியின் கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால், ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 2,800 கிலோவுக்கு 12 சதவீதம் என்றால் 336 கிலோ. உங்கள் வண்டியின் ஹிட்ச் (கொக்கியைத் தாங்கும் பின்சட்டம்) அந்த அளவைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பல சின்ன வண்டிகள் தாங்காது. மூக்கு எடை குறைந்தால் பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும், இழுக்கும் வண்டியையே திருப்பிவிடும்.

டிராக்டர் நிற்கும் இடத்தை நகர்த்தித்தான் இதைச் சரிசெய்வது. கொக்கியிலிருந்து அச்சுகளின் நடு வரை 4 மீட்டர் என்றால், 1,550 கிலோ டிராக்டரை 30 செ.மீ. முன்னால் நகர்த்தினால் மூக்கு எடை சுமார் 116 கிலோ கூடும். அதனால்தான் டிராக்டர் நீளத்துக்கு அச்சாகப் பொருந்தும் பெட்டியை வாங்கக் கூடாது என்கிறோம். நகர்த்த முன்னும் பின்னும் ஓர் அடியாவது இருக்க வேண்டும். முக்கோண முகப்புள்ள பெட்டி வாங்கினால் சொல்லும் நீளத்தில் அந்த முக்கோணமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். டிராக்டர் அதற்குள் போகாது; செயின், கட்டுகள், கருவிகள் வைக்கத்தான் உதவும்.

எடை மேடையில் இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. டிரெய்லரைக் கழற்றி, சக்கரங்களும் முன் ஜாக்கும் மேடையில் இருக்க ஒரு முறை நிறுங்கள். ஜாக் மட்டும் மேடைக்கு வெளியே நிற்க இன்னொரு முறை நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஜாக்கின் மேல் விழும் எடை. கொக்கி ஜாக்குக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதால் உண்மையான மூக்கு எடை அதைவிடச் சிறிது குறையும். கழற்றும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

இழுவை வண்டியின் கையேட்டில் இன்னொரு வரி இருக்கலாம்: டிரெய்லரின் முகப்புப் பரப்பு. 7 அடிக்கு 7 அடி என்றால் 49 சதுர அடி சுவர் காற்றை முட்டிக்கொண்டு போகிறது. எடை வரம்புக்குள் இருந்தாலும் இந்தப் பரப்பு வரம்பைத் தாண்டும் வண்டிகள் உண்டு. எரிபொருள் செலவும், பக்கக் காற்றில் தள்ளாட்டமும் இங்கிருந்துதான் வருகின்றன.

அச்சு, பிரேக், டயர்

இரட்டை அச்சில் இரண்டுக்கும் பிரேக் கேளுங்கள். மின்சார பிரேக் என்றால் இழுவை வண்டியில் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அறுபடு சுவிட்சும் அதன் பேட்டரியும் இருக்கின்றனவா, பேட்டரியில் சார்ஜ் நிற்கிறதா என்று பாருங்கள்.

அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்கா, ரப்பர் டார்ஷனா (அச்சுக் குழாய்க்குள் ரப்பர் முறுகி அதிர்ச்சியை வாங்கும் வகை)? டார்ஷன் மென்மையாக ஓடும். ஆனால் இரட்டை டார்ஷன் அச்சுகள் பாரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளாது. டிரெய்லர் மூக்கு தாழ்ந்து ஓடினால் முன் அச்சே சுமையில் பெரும்பகுதியை வாங்கும். பட்டை ஸ்பிரிங்கில் நடுவில் இருக்கும் சமன் தகடு இதைச் சரிக்கட்டிவிடும். டிராக்டர் போன்ற ஒரே இடத்துச் சுமைக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளால் இழுக்கப்படும் டிரெய்லருக்கு, பட்டை ஸ்பிரிங்தான் எங்கள் தேர்வு. டயர்கள் டிரெய்லருக்கென்றே செய்தவையாக இருக்கட்டும். நான்கு டயரும் தாங்கும் எடைகளைக் கூட்டினால் மொத்த எடை வரம்பைவிட அதிகம் வர வேண்டும்.

தரையும் அதற்குக் கீழே இருப்பதும்

பெட்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரும் விளக்கும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் அடியில்தான் தெரியும். தரையைத் தாங்கும் குறுக்குச்சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால் அது மரச்சாமான் ஏற்றும் பெட்டி. டிராக்டருக்கு 16 அங்குலம், கனமான டிராக்டருக்கு 12 அங்குலம். டிராக்டரின் சுமை தரை முழுக்கப் பரவுவதில்லை. ஒவ்வொரு பின்டயரும் 400 கிலோவுக்கு மேல் ஓர் உள்ளங்கை அகலப் பட்டைகளில் அழுத்தும். இடைவெளி கூடினால் பிளைவுட் நடுவில் தொய்ந்து, முதலில் அடியடுக்கு கீறும், பிறகு அந்தக் கீறலில் ஈரம் ஏறி உளுக்கும்.

தரைப் பலகை குறைந்தது முக்கால் அங்குலம், நீரைத் தாங்கும் பசையில் ஒட்டிய பிளைவுட். மரத்துகள் அழுத்திய பலகை வேண்டவே வேண்டாம். வெட்டு விளிம்புகளுக்கும் திருகு ஓட்டைகளுக்கும் பூச்சு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் நுழைவது அங்கேதான். புடைப்புத் தகடு போட்ட தரை பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் சேறு படிந்த டயருக்கு அது வழுக்குப் பாறை. டயர் ஓடும் தடத்தில் சொரசொரப்பான பூச்சோ குறுக்குப் பட்டையோ அடித்துக்கொள்ளுங்கள்.

ராம்ப் கதவு

கீழே விழும் ராம்ப் கதவு பக்கமாகத் திறக்கும் கொட்டகைக் கதவைவிட வசதி. ஆனால் அதன் தாங்குதிறனை எழுத்தில் கேளுங்கள். "2,000 கிலோ தாங்கும்" என்பது சுமை பலகை முழுக்கப் பரவியிருக்கும்போதா, இரண்டு டயர்களின் கீழா என்று கேட்டால் பதில் மாறும். கதவின் சட்டங்கள் டயர் ஓடும் வரிசையில் இருக்க வேண்டும். தூக்க உதவும் ஸ்பிரிங் கம்பிகளில் ஓர் இழை பிய்ந்திருந்தாலும் மாற்றுங்கள்.

பெட்டித் தரை 55 செ.மீ. உயரம், ராம்ப் 195 செ.மீ. நீளம் என்றால் சரிவு சுமார் 16 பாகை. ஏறும்போது விளிம்பில் வயிறு உரசுமா என்று கணக்கிட ஒரு சின்னச் சூத்திரம்: அச்சிடைத் தூரத்தின் பாதியை, சரிவுக் கோணத்தின் பாதிக்கான சைனால் பெருக்குங்கள். அச்சிடைத் தூரம் 150 செ.மீ. என்றால் 75ஐ 0.139ஆல் பெருக்க 10 செ.மீ. சொச்சம். நடுவில் புல்வெட்டி மாட்டிய டிராக்டருக்கு, உயர்த்திய நிலையில் அதற்கும் மேல் தரையிடைவெளி வேண்டும். இல்லையென்றால் நீளமான மடிப்புப் பலகையால் ராம்பை நீட்டுங்கள், அல்லது முன் ஜாக்கை உயர்த்தி வாலைத் தாழ்த்துங்கள்.

பின் மூலைத் தாங்குகால்கள் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். பின்பக்க அச்சுச் சுமை 900 கிலோ, பெட்டியின் வாலில், டிரெய்லர் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வந்து நிற்கும் நொடியில் கொக்கி 400 கிலோவுக்கு மேல் மேல்நோக்கி இழுபடும். இழுவை வண்டியின் பின்பக்கம் தூக்கப்படும். அதன் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது என்றால் முழு வண்டியும் உருளத் தொடங்கும். தாங்குகால்களை இறக்கிய பின்பே ஏற்றுங்கள். கிளம்பும் முன் உயர்த்த மறக்காதீர்கள்.

கட்டும் வளையங்கள்

பிளைவுட்டில் மட்டும் திருகிய வளையம் திடீர்ப் பிரேக்கில் பலகையோடு பிய்ந்து வரும். வளையம் குறுக்குச்சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அடியில் தடித்த தகடு வைத்து போல்ட் போட்டிருக்க வேண்டும். சுவரில் ஓடும் தண்டவாளப் பட்டைகள் பெட்டி, ஏணி கட்டத்தான், டிராக்டருக்கு அல்ல.

வளையத்தில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் அறுபடும் பலம். பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு. 2,270 கிலோவில் அறுபடும் வளையத்துக்கு 755 கிலோதான் வேலைச் சுமை. கட்டுகளின் வேலைச் சுமைகளைக் கூட்டினால் டிராக்டர் எடையில் பாதியாவது வர வேண்டும். முழு எடைக்கும் கணக்கிடுவது புத்திசாலித்தனம். 2 அங்குல ராட்செட் பெல்ட் வழக்கமாக 1,500 கிலோ வேலைச் சுமை. கூர்மையான இரும்பு விளிம்பில் உரசும் இடமென்றால் பெல்ட்டுக்குப் பதில் செயின். நான்கு மூலைக்கும் தனித்தனிக் கட்டு. தரையோடு 45 பாகைக்குள். முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் இழுக்க வேண்டும். டிராக்டரில் கட்டுமிடம் அச்சு, சட்டம், இழுவைக் கொக்கி. ரோல் பார், ஸ்டியரிங் கம்பி, லோடர் கை, ஹைட்ராலிக் குழாய் அருகே போகாதீர்கள். பக்கெட்டையும் பின்கருவியையும் தரையில் இறக்கி, அவற்றுக்குத் தனிக் கட்டு.

காற்றோட்டம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதனால் கூரை ஜன்னல் ஒன்று மட்டும் போதாது. ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரத்திலும் காற்றுத்துளை வேண்டும். டிராக்டரை மாதக்கணக்கில் உள்ளேயே வைப்பவர்களுக்கு இது இன்னொரு நன்மையும் தரும்: இரவில் தகரக் கூரையில் வியர்க்கும் நீர் டிராக்டர்மேல் சொட்டித் துருவேற்றுவது குறையும். புகையின் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. எஞ்சின் ஓடும்போது ராம்பும் பக்கக் கதவும் திறந்திருக்கட்டும், நிறுத்திய நொடியில் எஞ்சினை அணையுங்கள்.

ஏற்றும் முறை

சமதரை, இழுவை வண்டியோடு இணைப்பு, சக்கரக் கட்டை, தாங்குகால். டிராக்டரில் குறைந்த கியர், நான்கு சக்கர இயக்கம். இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் ராம்பிலிருந்து திரும்பிவிடும். பல சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் முன்சக்கரமும் பிடிக்கும்.

கனமான முனை எப்போதும் மேட்டுப்பக்கம். லோடர் மாட்டியிருந்தால் பக்கெட்டைத் தாழ்வாக வைத்து முன்னோக்கி ஏறலாம். லோடர் இல்லாமல் பின்னால் கனமான கருவி மட்டும் இருந்தால் பின்னோக்கி ஏறுங்கள். முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் லேசாகி, பின் அச்சைச் சுற்றி டிராக்டர் மல்லாந்துவிடும். ராம்பில் பாதியில் கிளட்சை மிதிக்க வேண்டாம். வின்ச் வைத்தால் அதன் இழுவைத் திறன் டிராக்டரின் மொத்த எடைக்குக் குறையாமல் இருக்கட்டும், அது பெட்டியின் சட்டத்தில் பதிந்திருக்கட்டும். இழுக்கும்போது கம்பியின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

பழைய பெட்டி வாங்கும்போது

மூலைகளில் கட்டைவிரலால் அழுத்துங்கள், குறிப்பாக ராம்ப் கீல் ஓரத்திலும் பக்கக் கதவின் கீழும். அமுங்கினால் பலகை உளுத்துவிட்டது. கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே நின்றால் கூரை ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். வெளியே பின்னாலிருந்து பார்க்கும்போது வாசல் நாற்சதுரமாக இருக்கிறதா, ராம்ப் மூடும்போது ஒரு மூலையில் பிடிக்கிறதா? பிடித்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. டயரின் தேய்மானம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். டயரின் பூ (தரையில் பதியும் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டியவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

முதல் பயணத்தில் 15, 20 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். டயர் காற்று படிந்து, டிராக்டர் தன் இடத்தில் உட்கார்ந்து, பெல்ட் தளர்ந்திருக்கும். அச்சு மையங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. புதுச் சக்கரங்களின் நட்டுகளை 80 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.